அலாரம் என்னுடையது, இலக்கம் அவர்களுடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் என் வீடு. வெளியே போய்வந்து முன்கதவைத் திறந்ததும் அலாரம் 30 விநாடி எண்ணத் தொடங்கும். அதற்குள் ஹோலைத் தாண்டி, மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் கீபேட்டில் நான்கு எண் கொண்ட இரகசிய இலக்கத்தை அழுத்த வேண்டும். பிந்தினால் சைரன் கத்தும், ஒழுங்கை முழுக்க யன்னல்கள் திறக்கும். எனக்கு 71 வயது. வலது முழங்காலில் மூட்டுவாதம். கையில் மரக்கறிப் பையும் இருந்தால், திறப்பை உருவி, கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றவே 14 விநாடி போய்விடுகிறது. மணிக்கூட்டை வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த 30ஐ 60 ஆக்குவது கீபேட்டிலேயே செய்யக்கூடிய வேலை. இரண்டு நிமிடம் கூட எடுக்காது. ஆனால் நான் அதைச் செய்ய முடியாது. அதற்கு இன்னோர் இலக்கம் வேண்டும். இந்தப் பெட்டிகளில் இரண்டு வகை இலக்கம் உண்டு. ஒன்று வீட்டுக்காரருக்கு, போட, நிறுத்த மட்டும் அது உதவும். மற்றது பூட்டிக்கொடுத்தவர்களுக்கு, இன்ஸ்டோலர் கோட் என்பார்கள். எத்தனை விநாடி பொறுப்பது, சைரன் எவ்வளவு நேரம் அடிப்பது, எந்த சென்சர் எந்த எண்ணில் வருவது, யாருடைய தொலைபேசிக்கு அழைப்பது, எல்லாம் இந்த இரண்டாவது இலக்கத்துக்குள்தான். நான் கேட்டபோது தொலைபேசியில் வந்த பதில்: “அது கம்பனி சீக்ரட் அன்ரி. வேணுமெண்டா ஆள் அனுப்பலாம், வாற சார்ஜ் 6,500.”

காசு கொடுத்து வாங்கிய பெட்டி, மாதச் சந்தா எதுவும் இல்லை, என் சுவரில் என் மின்சாரத்தில் ஓடுகிறது. அதன் சாவிக்கொத்து மட்டும் இன்னொருவர் மேசையில். இதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடுவே வேறு சில கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ரொறன்ரோவில் இருக்கும் மகன் பயந்துபோய், அங்கிருந்தபடியே ஏற்பாடு செய்து பூட்டுவித்தது இந்த அலாரம். கூடவே நான்கு கமரா. அப்போது நான் எதையும் கேட்கவில்லை. தாள் ஏதும் தந்தார்களா என்று மகனும் கேட்கவில்லை. கொஞ்சக் காலம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு வாரத்தில் மூன்று தடவை நடுச்சாமத்தில் அடித்தது. கம்பனியால் ஒரு தம்பி வந்தார். பெட்டியை முழுதாகத் திறக்கக்கூட இல்லை. “உதெல்லாம் பழசு அன்ரி, முழுக்க மாத்த வேணும்” என்று 185,000 ரூபாய்க்கு ஒரு தாள் எழுதித் தந்தார். “எது பழசு, தம்பி?” என்று கேட்டேன். பதில் இல்லை. 34 வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவளுக்கு அந்த மௌனம் பழக்கமானது. வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளையின் மௌனம் அது.

மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பல்கலைக்கழகத் தம்பியை ஏணியில் ஏற்றிவிட்டு நான் கீழே ரோர்ச் பிடித்தேன். முதலில் ஃபியூஸைக் கழற்றி, பெட்டிக்குள் பற்றரியின் வயரையும் கழற்றினோம். அதைச் செய்யாமல் யாரும் கைவைக்க வேண்டாம். 230 வோல்ற் வந்து இறங்கும் பக்கத்தை நான் இன்னும் தொடுவதில்லை, அதற்கு மின்காரர் இருக்கிறார். கழற்றுவதற்கு முன்பே பார்த்துவைத்திருந்தோம்: கீபேட்டின் நினைவில் மூன்று தடவையும் 3ஆம் எண் பதிவாகியிருந்தது. அது ஹோல் மூலையில் இருக்கும் அசைவு சென்சர். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு பல்லி முட்டை.

அந்தச் சென்சர் உடலின் வெப்பக் கதிரைப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, அறையைப் பல துண்டாகப் பிரித்து உள்ளே இருக்கும் சிறு உணரியில் விழுத்தும். ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்கு வெப்பம் நகர்ந்தால் ஆள் நடக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும். தூரத்துச் சுவரில் ஓடும் பல்லி அதற்கு ஒன்றுமே இல்லை. வில்லையின் மேலேயே ஊர்ந்தால் அதே பல்லி ஆளளவு ஆகிவிடும். பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்து வளர்ந்த எனக்கு, பல்லி சைரனே அடிக்கும் என்பது புதுப் பலன்தான். வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கன் பசையால் அடைத்தோம். உள்ளே ஒரு சிறிய பின் இருக்கிறது, எத்தனை தடவை அசைவு கண்டால் அடிப்பது என்று. அதை 1இலிருந்து 2க்கு மாற்றினோம். அதற்குப் பிறகு இன்றுவரை 3ஆம் எண் சும்மா கத்தியதில்லை. செலவு: பசைக் குழாய் ஒன்று.

குசினிக் கதவு வேறு சங்கதி. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு ரீட் சுவிச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் கிட்ட இருந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். 1936இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் எல்வுட் என்பவர் கண்டுபிடித்தது. இவ்வளவு எளிமையான பொருளைவிட நல்லது இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். ஆனால் எங்கள் பலகைக் கதவு தென்மேல் மழையில் ஊதும், தையில் சுருங்கும். பிணைச்சலும் தளர்ந்து கதவு இறங்கிவிட்டது. இடைவெளி 22 மில்லிமீற்றர். காற்றுக்குக் கதவு சற்றே ஆடினாலும் நாக்கு பிரிந்துவிடும். பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி காந்தத்துக்குக் கீழே வைத்துத் திருகினேன். இடைவெளி 8 ஆயிற்று. இரும்புக் கதவு, இரும்புக் கேற் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இரும்பின் மேலேயே காந்தத்தை ஒட்டினால் அதன் பலத்தில் பாதியை இரும்பே குடித்துவிடும். நடுவில் பிளாஸ்டிக் கட்டை ஒன்று வேண்டும்.

இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னல்களுக்கு நான் சென்சரே போடவில்லை. உடைந்த தும்புத்தடியின் கம்பை அளவாக வெட்டிக் கீழ்த் தண்டவாளத்தில் படுக்க வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து இழுத்தால் அசையாது. பற்றரியும் வேண்டாம், இலக்கமும் வேண்டாம்.

பெரிய பிழை இருந்தது, மின்சாரம் போனால் அலாரத்தை ஓடவைக்கும் பற்றரியில். 12 வோல்ற், 7 அம்பியர் மணி, மூடிய ஈய-அமிலப் பற்றரி. இந்த நகரத்தில் அநேகமான அலாரப் பெட்டிகளுக்குள் இதுதான். நல்ல நிலையில் மூன்று தொடக்கம் ஐந்து வருடம். சூடு கூடக்கூட ஆயுள் குறையும். 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதி. எங்கள் வீட்டில் அதை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? மாடிப்படிக்குக் கீழே காற்றே போகாத அலுமாரியில், இரவுபகலாகச் சுடும் கமராப் பதிவுப் பெட்டிக்கு மேல்.

போதாததற்கு 2022. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஈய-அமிலப் பற்றரியை அடிமட்டம் வரை வடியவிட்டு அப்படியே கிடக்க விட்டால் தகட்டில் சல்பேற்றுப் பளிங்கு இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எனக்குத் தெரியாமலேயே அந்த வருடம் அது செத்துவிட்டிருக்கிறது. தெரியவந்தது 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் போன ஞாயிற்றுக்கிழமை. காகிதக் கணக்குப்படி என் பெட்டி அன்று முழுநாளும் ஓடியிருக்க வேண்டும். கீபேட், சென்சர்கள் எல்லாம் சேர்ந்து இழுப்பது 200 மில்லி அம்பியர், அதாவது 0.2 அம்பியர். 7ஐ அதால் வகுத்தால் 35 மணி நேரம். பாதி என்று வைத்தாலும் 17. என் பெட்டி 20 நிமிடத்தில் கண்ணை மூடியது.

இதில் ஏமாறுவது எப்படி என்றால், மின்சாரம் இருக்கும்போது மல்ரிமீற்றரை வைத்தால் 13.6 வோல்ற் என்று அழகாகக் காட்டும். அது பற்றரிக்கு மின் ஏற்றும் பகுதியின் வோல்ற்றளவு, பற்றரியினுடையது அல்ல. ஃபியூஸைக் கழற்றி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் அப்படிப் பார்க்கிறேன். புதுப் பற்றரி புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவில் 7,900 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய திகதியை அதன் நெற்றியில் மார்க்கரால் எழுதி, அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு இறக்கியாயிற்று. கூடவே ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ். ரவுட்டர் படுத்துவிட்டால் ரொறன்ரோவுக்கு எதுவும் போகாது.

பெட்டிக்குள் இன்னொன்றும் கண்டேன். அதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திருடனுக்கு வழி சொல்லிக்கொடுப்பதாகுமோ என்று. திருடனுக்கு இது எப்போதோ தெரியும், தெரியாதது வீட்டுக்காரருக்குத்தான். சென்சர் வயர் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு தடையி (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்) போட வேண்டும், என்னுடைய பெட்டிக்கு 4.7 கிலோ ஓம். கதவு பூட்டியிருந்தால் பெட்டி அந்தத் தடையைப் பார்க்கும். வயரை வெட்டினால் தடை முடிவிலி, இரண்டு கம்பியையும் சேர்த்துக் குறுஞ்சுற்றாக்கினால் பூச்சியம்; இரண்டிலும் பெட்டிக்குத் தெரிந்துவிடும். தடையி சென்சர் பக்கத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. எங்கள் வீட்டில் எட்டுத் தடையியும் பெட்டிக்குள்ளேயே வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. வேலை சுகம் அல்லவா! குசினிக் கதவின் வயரோ கழுவும் இடத்து வெளிச்சுவரால் போகிறது. அங்கே இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கிவிட்டால் கதவு அகலத் திறந்திருந்தாலும் பெட்டி ‘எல்லாம் சரி’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். உயர்தர மாணவன் இப்படிச் சுற்று வரைந்தால் பாதிப் புள்ளிதான் போட்டிருப்பேன். மாடித் தம்பியும் நானும் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து எட்டையும் இடம் மாற்றினோம். புதிதாகப் பூட்டுகிறவர்கள், காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கமராக்களின் கதை சுருக்கம். கடற்காற்று உப்பு பவர் வயர் மூட்டுக்குள் இறங்கி செம்பைப் பச்சையாக்கிவிடும். வெட்டி, புதிதாக மூட்டி, சிலிக்கன் கிறீஸ் பூசி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ரேப் சுற்றினால் நெடுங்காலம் கிடக்கும். வயர் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அதில் சொட்டிப் போய்விடும். ஒருநாள் விடியப்புறம் மகன் எடுத்து, “அம்மா, கேற்றடியில பேய் மாதிரி வெள்ளையா என்னவோ ஆடுது” என்றான். சிலந்தி வலை. இரவில் கமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் பட்டு ஒற்றை நூலும் பேயாகத் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் வாசல் கூட்டும்போது தும்புத்தடியால் கமராவையும் ஒரு தட்டுத் தட்டுவேன்.

இவ்வளவையும் செய்ய முடிந்த எனக்கு 30ஐ 60 ஆக்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாமா என்று பார்த்தேன், அதையும் பூட்டிவைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் கண்டபடி தட்டிவிட்டு அலாரம் அடிக்காமல் போனால் பழி அவர்கள் தலையில். மாதக் கட்டணம் வாங்கிக் கொண்டு இரவுபகலாகக் கண்காணிக்கும் நிறுவனம் என்றால் அந்த இலக்கத்தை வைத்திருக்கட்டும். என்னைப் போல் முழு விலை கொடுத்து வாங்கியவர்களிடம் மறைப்பதற்கு என்ன காரணம்? வருகைக் கட்டணத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக் காவலுக்குக் கமராவும் திரையும் வைத்த அமைப்பை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்ற தாதி. வேலை நேரம் ஒழுங்கில்லை, கூப்பிட்டால் பொலிஸ் வரப் பிந்தும். அதனால் 1966இல் கணவரோடு சேர்ந்து விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். படுக்கையறையில் இருந்தபடியே வாசலில் நிற்பவரைப் பார்க்கலாம், பேசலாம், கதவையும் அங்கிருந்தே திறக்கலாம். கட்டுப்பாடு வீட்டுக்காரியின் கையில் இருந்தது.

நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் நான் கேட்பது பெரிதல்ல. அலாரம் விற்கும் ஒவ்வொருவரும் வேலை முடிந்ததும் ஒரு கடித உறை தர வேண்டும். இன்ஸ்டோலர் இலக்கம், எந்த எண் எந்தக் கதவு என்ற பட்டியல், வயர் போகும் படம், பற்றரி வைத்த திகதி. முத்திரை வைத்து ஒட்டித் தரட்டும். பிரித்தால் உத்தரவாதம் போகும் என்று வேண்டுமானால் எழுதட்டும். பிரிப்பதா வேண்டாமா என்பதை நான் தீர்மானிக்கிறேன். சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டைப் பதிவதாகவும் இருக்கிறேன்.

185,000 ரூபாய்த் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ரவுட்டர் யூபிஎஸ் தவிர்த்து, எனக்கு முடிந்த செலவு 11,400. 30 விநாடி மட்டும் 30 ஆகவே இருக்கிறது. சந்தையால் வரும்போது செருப்போடேயே ஹோலுக்குள் ஓடுகிறேன். வீட்டுக்குள் செருப்போடு வந்ததற்காகப் பிள்ளைகளைப் படலைவரை துரத்திய ஆள் நான்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை பௌதிகவியல் ஆசிரியை ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06