முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாட்டியின் தகரப் பெட்டியில் கிடைத்த படங்களில், இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த நம் முதல் ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டிருந்தாய். அவர் அந்தப் பெட்டியிலேயே இல்லாமல் இருக்கலாம். முதலில் அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள். மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களில் காசு கொடுத்து ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தவர்கள் குறைவு. இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இருப்பார்கள். முதல் ஆளின் முகம் எங்காவது இருந்தால், மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது முகச்சாயல் இல்லை, ஓர் எண்.

பெட்டியை இன்னும் கலைக்கவில்லை என்றால் அப்படியே வை. எந்த உறையில் எது இருந்தது, ஆல்பத்தில் எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதெல்லாம் சாட்சியம். ஒரே கல்யாணத்தில் எடுத்த நாலு படம் ஒரே உறையில் இருந்தால், ஆள் தெரிந்த இரண்டு, தெரியாத இரண்டுக்கு வழி சொல்லும். உறைக்கு ஒரு எண் கொடு. ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாகக் கைபேசியில் படம் எடுத்த பிறகு கை வை.

1970களில் புழக்கத்துக்கு வந்த ஒட்டும் பக்க ஆல்பம்தான் மகா மோசம். மேலே பிளாஸ்டிக் தாள், கீழே கோடு கோடாகப் பசை. வருஷம் போகப்போக அந்தப் பசை இறுகி, படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். மூலையைப் பிடித்து இழுத்தால் படம் வளைந்து மேல்பூச்சு விரிசல் விடும். மெழுகு தடவாத பல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நுழைத்து, முன்னும் பின்னுமாக அசைத்து இறக்கு. வரவில்லை என்றால் பக்கத்தோடேயே ஸ்கேன் செய். பின்னால் ஏதாவது எழுதியிருக்குமோ என்ற ஆசையில் முன்பக்கத்தை இழந்தவர்கள் நிறைய.

சாமி அறையில் மாலை போட்டு மாட்டிய படங்களில் தொல்லை வேறு மாதிரி. ஈரம் இறங்கினால் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். 1960 பிப்ரவரியில் கரோல், 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் என்று புயல் கண்ட வீடுகளில் இதை எதிர்பார்க்கலாம். பிரிக்காதே. கண்ணாடியோடு சேர்த்தே படம் எடு: இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி, அப்போது உன் நிழலும் விளக்கும் கண்ணாடியில் விழாது. கண்ணாடிமேல் வைத்த சந்தனம் குங்குமத்தைத் துடைக்கத் துணியை நனைத்துக்கொள். கண்ணாடியில் நேராகத் தண்ணீர் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். படத்தின் மேலேயே வைத்த பொட்டைத் தொடாதே, நெற்றியும் சேர்ந்து வந்துவிடும்.

அந்தச் சட்டம் போட்ட படங்கள் பெரிதாக்கிக் கைவண்ணம் தீட்டியவையா என்றும் பார். சின்ன அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கும்போது கோட்டு, டை, அட்டிகை எல்லாம் தீட்டுபவரே போட்டுவிடுவது வழக்கம். அந்தக் கோட்டை வைத்துக் காலமும் சொல்லாதே, வசதியும் சொல்லாதே. மூலப் படம் பெட்டிக்குள் எங்கேயாவது கிடக்கும், அதைத் தேடு.

காலத்தைத் துணிமணியைவிடத் தாள் நன்றாகச் சொல்லும். மெல்லிய தாளைக் கெட்டி அட்டையில் ஒட்டி, வெளிச்சமான இடங்கள் மஞ்சள் பூத்திருந்தால் முட்டை வெண்கருப் பூச்சுத் தாள். பெரும்பாலும் 1895-க்கு முந்தியது. அட்டை சுமார் 6.4க்கு 10 செ.மீ. இருந்தால் விசிட்டிங் அட்டை அளவு. சுமார் 10.8க்கு 16.5 செ.மீ. இருந்தால் கேபினெட் அளவு, அது 1866-க்குப் பிறகு வந்தது. கறுப்பான இடங்களில், அதுவும் ஓரங்களில், வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் ஜெலட்டின் தாள். முதுகில் தபால் அட்டைக் கோடு அச்சிட்டிருந்தால் 20-ஆம் நூற்றாண்டு. சிவப்பாக வெளுத்த கலர்ப் படம் 1960களோ 70களோ. வெள்ளை ஓரத்தில் மாதமும் வருஷமும் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார், ஆனால் அது பிரிண்ட் போட்ட மாதம், எடுத்த மாதம் அல்ல. பயணிகள் ரயிலோடு நிற்கும் படம் என்றால் 1956-க்குப் பிந்தியது இல்லை, அந்த வருஷத்தோடு நம் தீவில் பயணிகள் ரயில் நின்றுவிட்டது. தைப்பூசக் காவடிப் படத்தில் மாதம் தெரியும், வருஷம் தெரியாது.

ஸ்கேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), பாஸ்போர்ட் அளவுக்கு 1200, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு, கறுப்பு வெள்ளையானாலும் கலரில், தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு. முதுகையும் ஸ்கேன் செய்; மங்கிய பென்சில் எழுத்துக்குக் கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடி. கோப்புப் பெயரில் உறை எண் இருக்கட்டும். முகத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகளை மட்டும் பயன்படுத்தாதே. மூலத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் அவை ஊகித்து வரைகின்றன. அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் ஆமாம், இவர்தான் என்று தலையாட்டினால், இல்லாத முகத்துக்குச் சாட்சி கிடைத்துவிடும்.

பெரியவர்களிடம் கேட்பதுதான் நிஜமான வேலை, அதற்குத்தான் அவசரம். குழுப் படம் ஒவ்வொன்றையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து, தலைகளின் உருவரை மட்டும் வரைந்து, இடமிருந்து வலமாக, வரிசைவாரியாக எண் போடு. பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தால் வயதில் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள், உனக்குக் கிடைப்பது ஐந்து சாட்சி இல்லை, ஒன்றுதான். நீயாகப் பெயரை எடுத்துக் கொடுக்காதே. இது பெரிய தாத்தாதானே என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள்.

இவர் யார் என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், உங்களுக்கு இவர் என்ன முறை, இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேள். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் வந்தால் தாந்தின் (அத்தை, சித்தி எல்லாம்), தோந்தோன் (மாமா, சித்தப்பா எல்லாம்) என்று முடிந்துவிடும். அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று அதில் தெரியாது. அத்தையா, சின்னம்மாவா, சித்தப்பாவா, மாமாவா என்று பிரித்துக் கேட்டால் பாதிக் குடும்ப மரம் அங்கேயே வந்துவிடும். வீட்டுப்பெயரையும் பத்திரத்துப் பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் எழுது. வீட்டில் எல்லாருக்கும் பாப்பம்மா, பத்திரத்தில் வேறு பெயர் என்பது நம்மிடையே சாதாரணம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சொன்னவர் யார், சொன்ன தேதி, உறுதியாகச் சொன்னாரா தயங்கினாரா என்று குறி. இந்த மூன்றும் இல்லாத பெயர் வெறும் வதந்தி.

இனி எண். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் குடியேற்ற இலாகா ஓர் எண் கொடுத்தது. பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, உடம்பில் உள்ள அடையாளம், ஊர், மாவட்டம், கப்பல் எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் இருக்கின்றன. படம் எடுப்பது 1860களில்தான் சேர்ந்தது. ஒப்பந்தம் முடித்துத் தோட்டத்தை விட்டவர்கள் தங்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்றது 1867-ஆம் ஆண்டுச் சட்டம். கேட்ட இடத்தில் காட்டாவிட்டால் நாடோடி என்று பிடிப்பார்கள். 1871-இல், இந்தியத் தொழிலாளர்களுக்காகப் பேசிய அடோல்ஃப் தெ ப்ளெவிட்ஸ் எழுதித் தந்த மனுவில் 9,401 பேர் கையொப்பமும் கைநாட்டும் இட்டதற்கு இந்தச் சீட்டுக் கொடுமையும் ஒரு காரணம். ஆசைக்கு எடுத்த படங்கள் இல்லை அவை. அந்த முகங்களில் சிரிப்பைத் தேடாதே. 1840களில் வந்து, படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவருக்கு அங்கே படம் இருக்காது. பின்னால் வந்த எல்லாருடைய படமும் தப்பிப் பிழைத்திருக்கிறது என்றும் நினைக்காதே.

எண்ணைப் பிடிக்க உன்னிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். உன் பிறப்புப் பத்திரம், பெற்றோர் கல்யாணப் பத்திரம், அப்பாவின் பிறப்பு, தாத்தாவின் கல்யாணம் என்று படிப்படியாக. ஒரு படியையும் தாண்டாதே. பழைய பத்திரங்களில் தகப்பன் அல்லது தாய் பெயருக்குப் பக்கத்தில் குடியேற்ற எண் எழுதியிருப்பதைப் பார்ப்பாய், தேடியது அதுதான். சிவில் பதிவு இல்லாமல் கோயிலில் மட்டும் தாலி கட்டிய தம்பதி என்றால் கல்யாணப் பத்திரமே கிடைக்காது, பிள்ளை தாயின் பெயரில் பதிவாகியிருக்கலாம். சங்கிலி அறுந்தது போலத் தெரியும் இடத்தில் தாய்வழியாகத் தேடிப் பார்.

குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தாவாதே. வந்தவருக்கு ஒரே பெயர்தான். அந்தப் பெயர் பிள்ளையின் பத்திரத்தில் பின்னால் ஏறி, அப்படியே உறைந்து இன்று குடும்பப் பெயராக நிற்கிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஆறுமுகம் ஆர்முகும் ஆனது. கூடப் பிறந்தவர்களே வெவ்வேறு எழுத்துக் கூட்டலில், சில சமயம் வெவ்வேறு குடும்பப் பெயரில்கூட இருப்பார்கள். எதிர்ப்பக்கம், ஒரே கப்பலில் இரண்டு ராமசாமி வந்திருப்பார்கள். எண் ஒன்றுதான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

உறவில் யாராவது, வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார். மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை அது உண்டு என்று 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் முர்மு இங்கே வந்து அறிவித்த பிறகு, பலர் இதே பத்திரங்களைத்தான் அலைந்து சேர்க்கிறார்கள். ஒன்றுவிட்ட அண்ணனின் கோப்பில் பாதிச் சங்கிலி கிடைத்தால் உனக்குப் பல நாள் அலைச்சல் மிச்சம்.

மோக்காவில் பதிவும் படமும் கிடைத்தால், அதைப் பெட்டியில் இருக்கும் கிழவரின் படத்தோடு வைத்து மூக்கை ஒப்பிடாதே. பதிவில் இடது புருவத்தில் தழும்பு என்று இருந்தால் அந்தத் தழும்பைத் தேடு, வயதைக் கூட்டிப் பார், அவர் இறந்த வருஷத்துக்கும் தாளின் காலத்துக்கும் பொருந்துகிறதா என்று பார். பொருந்தாவிட்டால் பெயர் தெரியாதவர் என்றே எழுதி வை.

ஊர்ப் பெயர் கடைசித் தலைவலி. தஞ்சாவூர் மாவட்டம் என்று எழுதியிருந்தால் இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வரை தேட வேண்டும். தென்னார்க்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. சேலம் என்றால் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் சேரும். கிராமத்தின் பெயர் காதில் விழுந்தபடிதான் இருக்கும், அதே ஒலியில் நாலு ஊர் கிடைக்கும். அங்கே கைகொடுப்பது குலதெய்வத்தின் பெயர். ஆகவே பாட்டியிடம் உட்காரும்போது படம் காட்டுவதற்கு முன்பே, வீட்டில் யாருக்குப் படையல் போட்டார்கள், எந்த மாதத்தில், கிடா வெட்டுவார்களா, பொங்கல் மட்டுமா என்று கேட்டு எழுதிக்கொள். பட்டியல் முடிந்ததும் ஒரு நகல் அனுப்பு, பத்திரங்களின் வரிசையை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்
கத்ர் போர்ன்