கடலில் விடும் துணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாம்பன் மீனவன். சென்ற வாரம் என் வலையில் மீனோடு ஒரு சேலையும் ஏறியது. பாசி பிடித்துக் கல்லாய்க் கனத்தது. மடிப்புக்குள் ஒரு நண்டு செத்துக் கிடந்தது. வலை கிழியாமல் அதைப் பிரித்தெடுக்க அரை நாள் போனது.

ராமேசுவரம் கடற்கரையின் அக்னி தீர்த்தத்தில் நீராடுவோர் பலர், உடுத்திய துணியைக் கடலில் விட்டால் பாவம் தொலையும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. என் அப்பாவுக்கும் அங்கேதான் திதி கொடுத்தேன். ஆனால் அந்தத் துணி கடற்புல்லின் மேல் போய்ப் படிகிறது. நாங்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல் பசுவுக்கு அந்தப் புல்தான் உணவு. இப்படிப்பட்ட கடல் உயிர்களைக் காக்கத்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றிய கடலையும் 1986-ல் அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது.

ராமேசுவரம், ஏர்வாடி தர்கா, ஓரியூர் தேவாலயம் என்று மதம் பார்க்காமல் போய் வருகிற சனம் எங்கள் சனம். ஓடும் ஆற்றில் உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்கிறது நபிமொழி. பூமியைப் பேணுவது பற்றியே 2015-ல் போப் பிரான்சிஸ் சுற்றுமடல் எழுதினார். நாமோ கடலையே தீர்த்தம் என்று கும்பிடுகிறோம். ஆடி அமாவாசைக்கு முன் குருக்களும் ஆலிமும் பங்குத்தந்தையும் ஒன்றாகக் கரையில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் மக்கள் கேட்பார்கள். துணி போடக் கரையிலேயே தொட்டி வைக்கட்டும். ஏற்கெனவே மூழ்கிக் கிடப்பதை அள்ள நாங்கள் படகோடு வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மீனவர், பாம்பன்