கொஷ்சானில் இறங்கு

அன்பு மகளுக்கு,

போன தடவை வந்து இறங்கியதும், "வழி பூரா வெறும் வயல்தான்ப்பா, பார்க்க ஒண்ணுமே இல்லை" என்றாய். போலந்தில் இந்தப் போஸ்னான் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை துரெவ் கிராமத்துக்குப் போய் வந்தேன். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விரோத்ஸ்வாஃபிலிருந்து நீ வரும் ரயில் கொஷ்சானில் நிற்கும் அல்லவா, அங்கிருந்து கிழக்கே போனால் துரெவ். கோதுமைக்கும் பீட் கிழங்குக்கும் நடுவே மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. தானாக முளைத்தவை என்றுதான் நினைத்தேன். இல்லையாம். தெஸிதெரி ஹ்வபோஃப்ஸ்கி என்ற துரெவ்காரர் தொடங்கிவைத்த வழக்கம் அது. இளமையில் நெப்போலியனிடம் படை அதிகாரியாக இருந்தவர். போரை விட்டுவிட்டு, 1818இல் இங்கிலாந்துக்குப் போய் விவசாயம் கற்றுக்கொண்டு திரும்பினார். பயிரை மாற்றி மாற்றி விதைத்தார், மண்ணுக்கு உரமாகக் குளோவர் என்ற தீவனச் செடியைப் போட்டார், வயலோரமெல்லாம் மரம் வைத்தார். ரஷ்ய ஆட்சியை எதிர்த்துப் போலந்துக்காரர்கள் நடத்திய 1830 எழுச்சியில் சேர்ந்ததற்காகச் சிறையில் போட்டபோதும், உள்ளே உட்கார்ந்து விவசாயத்தைப் பற்றித்தான் புத்தகம் எழுதியிருக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மரம் எதற்கு என்று அங்கே நின்றால்தான் புரியும். வருஷத்துக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. ஈரத்தைக் காற்று உறிஞ்சிக்கொண்டு போய்விடும். திறந்த வயலில் நின்றபோது சட்டை படபடவென்று அடித்தது. மரவரிசைக்கு இந்தப் பக்கம் வந்தேன், காற்று அடங்கிவிட்டது. குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன், உருண்டையாக நின்றது. வெட்டவெளியில் எடுத்த மண்ணோ விரலிடுக்கில் உதிர்ந்து போயிருந்தது.

வயலில் போடும் உரத்திலுள்ள நைட்ரேட் என்ற சத்து நிலத்தடி நீரோடு ஓடைக்குப் போகாமல், இந்த மரங்களின் வேர் அதைப் பெருமளவு இழுத்துக்கொள்கிறது. போலந்து அறிவியல் கழகம் துரெவிலேயே நிலையம் வைத்து இதையெல்லாம் பல வருஷங்களாக அளந்து வருகிறது. 1992இல் 17,000 ஹெக்டேருக்கும் மேல் வளைத்து, ஹ்வபோஃப்ஸ்கி பெயரிலேயே நிலக்காட்சிப் பூங்கா, அதாவது வயலும் மரமுமான அந்தத் தோற்றத்தைக் காக்கும் இடம், ஆக்கிவிட்டார்கள். உள்ளே உழவும் அறுவடையும் வழக்கம்போல நடக்கின்றன.

அங்கே ரொபினியா மரம் நிறைய. நம் அகத்தியின் குடும்பம்தான். இலையைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். மே கடைசியில் வெள்ளை வெள்ளையாகச் சரம் தொங்குமாம், தேனீக்கு அதுதான் விருந்து. அப்போது வா கண்ணம்மா. போஸ்னான் வரைக்கும் வரவேண்டாம், கொஷ்சானிலேயே இறங்கிவிடு, அப்பா காரோடு நிற்பேன். கிளையெல்லாம் முள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா