மேசைத் துணியும் சோப்புப் புட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சம்பள வாரத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் சாப்பாட்டுக் கடைகள் நிரம்பி வழியும். காலை ரொட்டி சானாய் முதல் இரவு மீ கோரேங் வரை எல்லா மேசைக்கும் ஒரே துணி, ஒரே வாளி. ஈரம், எண்ணெய், சோற்றுப் பருக்கை, நம்மூர் வெக்கை: கிருமிக்கு வேறென்ன வேண்டும்? தோதான சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். துணியை மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால், துடைக்கிற பெயரில் மேசை மேசையாகக் கிருமியைப் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

"குளோராக்ஸ் (குளோரின் வகை வெளுப்புத் திரவம்) ஊற்றுகிறோமே" என்பார்கள். ஊற்றும் விதத்தில்தான் கோளாறு. அழுக்குத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெயும் உணவுத் துணுக்கும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் சோப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு வேறொரு வாளியில் 5 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு, 5 விழுக்காடு வீரியமுள்ள குளோராக்ஸ் 20 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டி. அதில் நனைத்த வேறு துணியால் மேசையைத் துடைத்து, ஈரம் தானாகக் காய விட வேண்டும். வெந்நீரில் கலந்தால் வீரியம் போகும். கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கரண்டி போட்டு வைக்கும் வெந்நீர்க் குவளையும் அப்படித்தான். 77 பாகை செல்சியஸில் அரை நிமிடம் முங்கினால் கிருமி சாகும். ஆறிப்போன தண்ணீரில் காலையிலிருந்து ஊறும் கரண்டிக்கு அந்தப் பேச்சே இல்லை. கழுவி, காயவைத்து, பிடி மேலே இருக்கும்படி நிறுத்தினாலே போதும்.

கையால் சாப்பிடும் நமக்குப் பின்பக்கக் குழாயடிதான் முக்கியம். அங்கே இருக்கும் சோப்புப் புட்டியில் பாதித் தண்ணீர். காசு மிச்சம் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் சேர்ந்தால் சோப்பைக் கெடாமல் காக்கும் மருந்தும் நீர்த்துப்போய், புட்டிக்குள்ளேயே பாக்டீரியா வளரும். தீர்ந்த புட்டியைக் கழுவிக் காயவைக்காமல் மேலே மேலே ஊற்றுவதும் அதே கதைதான்.

கல்லாவுக்குப் பின்னால் டைபாய்டு ஊசி அட்டை மாட்டியிருப்பது நல்லதே; சட்டப்படி வேண்டியதும்கூட. ஆனால் அந்த ஊசி டைபாய்டுக்கு மட்டும். டைபாய்டுக் கிருமியின் இனமான சால்மோனெல்லாவில், வாந்தி பேதி உண்டாக்கும் மற்ற வகைகளுக்கு அது காப்பல்ல.

கடைகளுக்கு ஏ, பி, சி என்று தரம் போட வரும் அதிகாரிகள், அடுத்த முறை வாளித் தண்ணீரையும் சோப்புப் புட்டியையும் திறந்து பார்த்துவிட்டு மதிப்பெண் போடட்டும்.

உணவுச் சுகாதாரப் பயிற்சியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்