ஜனவரி 1-க்கு முன், கட்டுரை எழுதும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்காக நேற்றிரவு நீ அனுப்பிய கட்டுரையை நிதானமாகப் படித்தேன். கெடு தேதிக்குச் சில நாள்களே இருக்கும் நிலையில், "இதுவே போதுமா, சித்தி?" என்று கேட்டிருந்தாய். போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் புதிதாக ஒன்றைத் தேடி நீ அலைய வேண்டியதில்லை. எழுத வேண்டியது உன் கட்டுரையின் மூன்றாம் பத்தியிலேயே இருக்கிறது.

முதல் இரண்டு பத்திகளில், சிறுவயது முதலே அறிவியலில் உனக்குள்ள ஆர்வத்தையும் விடாமுயற்சியையும் தலைமைப் பண்பையும் சொல்லியிருக்கிறாய். உன்னைச் சிறுவயதிலிருந்தே பார்ப்பவள் என்பதால் நான் அவற்றை நம்புகிறேன். உன்னை அறியாத ஒருவர், ஒரே நாளில் கட்டுக்கட்டாக விண்ணப்பங்களைப் படித்தாக வேண்டியவர், அந்த வரிகளை வேறு எந்த மாணவர் எழுதியதாகவும் எடுத்துக்கொள்ளலாம். பாட்டியின் காது கேட்கும் கருவியைப் பற்றிய வரிகளை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கருவி திடீர் திடீரென்று விசிலடிப்பதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தபோது, அது எப்போதெல்லாம் அடிக்கிறது என்று நீ ஒரு நோட்டில் குறித்துவந்தாய். பாட்டி மெல்லும்போதும் தலையணையில் காதை வைத்துச் சாயும்போதும்தான் அந்தச் சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்தாய். தாடை அசையும்போது காதுக்கும் கருவிக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அதன் வழியே கசியும் ஒலியை மைக் மறுபடியும் வாங்கிக்கொள்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டு, காதுக்குள் பொருந்தும் அச்சை மாற்றச் சொன்னாய். ஆர்வம், விடாமுயற்சி என்ற பெயர்களை நீ எழுதாமலேயே இரண்டும் அங்கே தெரிகின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். "நான் குறிப்பெடுப்பது பாட்டிக்கு முதலில் பிடிக்கவில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறாய். நான் படிக்க விரும்புவது அந்தப் பத்தியைத்தான். ஏன் பிடிக்கவில்லை, நீ அவரிடம் என்ன சொன்னாய், அதற்குப் பிறகு நோட்டை எப்படிப் பயன்படுத்தினாய் என்பதை எழுது. பிறர் சங்கடப்படுவதைப் பார்த்துத் தன் வழியை மாற்றிக்கொண்ட பெண்ணை, மதிப்பெண் பட்டியலோ பரிந்துரைக் கடிதமோ காட்டப்போவதில்லை.

ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் தளமான காமன் ஆப்பில் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொற்கள். அதில் பாதியை நீ முன்னுரைக்கே கொடுத்துவிட்டாய். அதை அப்படியே எடுத்துவிடு. மன்றங்களையும் பரிசுகளையும் சொல்லச் செயல்பாடுகள் பகுதியில் பத்து இடங்கள் உண்டு, ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள் உண்டு. அவற்றைக் கட்டுரையில் மறுபடியும் சொல்லாதே. கட்டுரைக்கு காமன் ஆப் தரும் ஏழு தலைப்புகளில் எது என்ற குழப்பமும் வேண்டாம். ஏழாவது தலைப்பு உன் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

கெடு நெருங்கும்போது எனக்குள்ள பெரிய கவலை, கட்டுரை உன் கையை விட்டுப் போய்விடுமோ என்பதுதான். அப்பா ஒரு வார்த்தையை மாற்றுவார், ஆலோசகர் ஒரு பத்தியைச் செதுக்குவார், கடைசி இரவில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று முழுவதையும் மெருகேற்றித் தருவதாகச் சொல்லும். அது தருவதை உன் எழுத்தாகச் சமர்ப்பிப்பதை, மோசடிகளின் பட்டியலில் 2023-லேயே காமன் ஆப் சேர்த்துவிட்டது. விதியே இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். படிப்பவர் புரியாமல் தடுமாறும் இடங்களையும் எழுத்துப்பிழைகளையும் பிறர் சுட்டிக்காட்டட்டும். திருத்துவது நீயாக இரு. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படி. பேச்சில் உன் வாயில் வராத சொல் எங்கே நிற்கிறதோ, அங்கே வேறு யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

கல்லூரிகள் தனித்தனியே கேட்கும் துணைக் கட்டுரைகளுக்கு நேரம் ஒதுக்கு. பலர் கவனக்குறைவாக எழுதுவது இவற்றைத்தான். ஏன் எங்கள் பல்கலைக்கழகம் என்று யேல் கேட்கும் கேள்விக்கு 125 சொற்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே அதன் பெருமையை அதற்கே எடுத்துச் சொல்லி இடத்தை வீணாக்காமல், நீ சேர விரும்பும் ஆய்வகத்தையோ பாடத்தையோ பெயர் சொல்லி, அங்கே என்ன செய்ய நினைக்கிறாய் என்று எழுது. கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றி இன்னொரு விண்ணப்பத்தில் ஒட்ட முடிகிறது என்றால், அந்தப் பதிலை இன்னும் எழுதவில்லை என்று வைத்துக்கொள். வருங்கால அறைத்தோழிக்கு எழுதும்படி ஸ்டான்ஃபோர்டு கேட்கும் குறிப்பு 100 முதல் 250 சொற்கள் வரை. அதில் சாதனை எதுவும் வேண்டாம், நீ எப்படிப்பட்டவள் என்று அவள் தெரிந்துகொண்டால் போதும்.

காமன் ஆப் வழியே பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கெடு நாளன்று உன் ஊர் நேரப்படி இரவு 11.59 வரை அவகாசம் உண்டு. அந்த இரவுக்காகக் காத்திருக்காதே. கட்டணம் செலுத்துவதும் கையொப்பமிடுவதும் முடிந்தால்தான் விண்ணப்பம் போய்ச்சேரும். அனுப்பும் முன் வரும் பிடிஎஃப் முன்னோட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார். ஒட்டும்போது அறுந்துபோன வரிகள் அங்கேதான் கண்ணில் படும். முன்னுரையை நீக்கிய கட்டுரையை நாளை மாலைக்குள் அனுப்பு. இரவே படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சித்தி