‘வழி விடு’ ‘வலி விடு’ ஆன கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் கைவசம் இல்லை. வீடியோ கேமை நாமே மாற்றி அமைக்கும் மோட் வேலையில் தலையைக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல். “அவனுக்கு இன்னுமா அந்த வீடியோ கேம் பைத்தியம் தெளியலை?” என்று கேட்பார்கள். தெளியவில்லை என்றே சொல்லிவிடு.

சரி, உன் காவலன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கைரிம் கேமில் முகத்தை முழுக்க மூடிய இரும்புக் கவசத்தோடு நிற்கிறான், குரல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பளிச்சென்று இருக்கிறது, அதை எப்படி ஹெல்மெட்டுக்குள் தள்ளுவது என்று கேட்டிருந்தாய். நீ செய்து பார்த்து அனுப்பிய ஃபைலையும் கேட்டேன். 300 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதையும் 3400க்கு மேலே இருப்பதையும் வெட்டிவிட்டு, குரலைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் தூவியிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, அவன் கோட்டை வாசலில் நிற்கிற மாதிரி இல்லை. போனில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

காரணம் அந்த எண்கள்தான். 300 முதல் 3400 வரை என்பது பழைய தொலைபேசி இணைப்பு கடத்திய அதிர்வெண்களின் அகலம். விண்வெளி வீரன், விமானி மாதிரி ஆட்களுக்கு அது பொருந்தும். அவர்கள் ஹெல்மெட்டுக்குள் மைக் இருக்கிறது, நாம் கேட்பது ரேடியோ வழியாக. உன் காவலனிடம் ஏது மைக்? அவன் வாயிலிருந்து கிளம்பிய சத்தம் இரும்பில் மோதி, ஓட்டைகள் வழியே வெளியே வந்து, காற்றில் உன் காதை எட்டுகிறது. ஆகவே எந்த ஃபில்டரையும் தொடுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்: கேட்கிறவன் காது எங்கே இருக்கிறது? வெளியே எதிரில் நிற்கிறதா, ரேடியோவின் மறுமுனையில் இருக்கிறதா, இல்லை அதே ஹெல்மெட்டுக்குள் இருக்கிறதா? மூன்றுக்கும் செய்முறை வேறு. நான் பார்த்த பாதி மோட்களில் இடைக்கால வீரர்கள் எல்லாரும் வாக்கி டாக்கியில்தான் பேசுகிறார்கள்.

எதிரில் நிற்கும் காதுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். வாய்க்கும் முகமூடித் தகட்டுக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். சத்தம் போய்த் திரும்ப 16 சென்டிமீட்டர். வினாடிக்கு 343 மீட்டர் வேகத்தில் அதற்கு ஏறக்குறைய அரை மில்லி வினாடி ஆகும். இவ்வளவு குறைந்த நேரத்தில் காது அதை எதிரொலி என்று பிரித்துக் கேட்காது. ஆனால் மூலக்குரலும் அரை மில்லி வினாடி பிந்தி வரும் அதன் நகலும் ஒன்றுசேரும்போது 1000, 3000 ஹெர்ட்ஸ் பக்கங்களில் பள்ளம் விழுகிறது, 2000 பக்கம் மேடு எழுகிறது. ‘டப்பாவுக்குள் பேசுகிறான்’ என்று நமக்குத் தோன்ற வைப்பது இந்த மேடு பள்ளம்தான்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டிராக்கை நகல் எடு. அலைக்கோடு தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகிற வரைக்கும் பெரிதாக்கு. வினாடிக்கு 44,100 புள்ளி என்ற ரேட்டில் 22 புள்ளி தள்ளி வைத்தால் அதுதான் அரை மில்லி வினாடி. நகலின் சத்தத்தை 6 டெசிபல் குறை. இன்னொரு நகல் எடுத்து 40 புள்ளி தள்ளி 9 டெசிபல் குறை. இதற்கே குரல் உள்ளே போய்விடும். அதற்கு அப்புறம்தான் மேல் அதிர்வெண்களைக் குறைக்கும் லோ-பாஸ் ஃபில்டர், அதுவும் 2500 ஹெர்ட்ஸிலிருந்து ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும்) 6 டெசிபல் என்ற மிக மென்மையான சரிவில். உள்ளே தைத்திருக்கும் துணிப் பஞ்சு மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதற்காக.

ஏன் மென்மையாக என்கிறேன் என்றால், அதில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். தமிழ் வசனத்தில் முதல் முயற்சியாக 1500 ஹெர்ட்ஸில் 24 டெசிபல் சரிவு வைத்து வெட்டினேன். அமுங்கிப்போய், கனமாக, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். “ஏம்ப்பா அந்த ஆளு ‘வலி விடு, வலி விடு’ன்னு சொல்றான்? டாக்டரா?” என்றாள். வசனம் ‘வழி விடு’. ஒரு நாள் முழுக்க அதையே கேட்டிருந்ததால் எனக்கு ழகரம் இருந்துகொண்டே இருந்தது. அவள் காதில் அது இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டுவதில் குரலின் மூன்றாவது ஒத்ததிர்வுக்கு (வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண்களில் மூன்றாவது) பெரிய பங்கு உண்டு. ழ சொல்ல நாக்கு மடங்கும்போது அது நன்றாகக் கீழே இறங்குகிறது. ல சொல்லும்போது மேலேயே நிற்கிறது. இந்த ஏற்ற இறக்கம் நடக்கிற இடம் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி. அந்த வட்டாரத்தையே நான் வெட்டி எறிந்திருக்கிறேன்! ஆங்கில வசனத்துக்குச் சரியாக வந்த செட்டிங் தமிழ் வசனத்தை ஏன் கடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஸ, ஃப கதை இன்னும் மோசம். அவற்றின் உயிர் 4000க்கு மேலே இருக்கிறது, போனிலேயே ஒன்று இன்னொன்றாகக் கேட்கும்.

கீழ்ப்பக்கம் இந்தத் தொல்லை இல்லை. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான், ஆனாலும் 300க்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் ஆண் குரலாகவே கேட்கிறது. மேலே மிச்சமிருக்கிற அதன் மடங்கு அதிர்வெண்களை வைத்து மூளையே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால் உன் அடுத்த மோடின் விண்வெளி வீரர்களுக்குக் கீழே தாராளமாக வெட்டு.

அந்த மோடில் அப்போலோ நிலவுப் பயணக் காலத்து ‘பீப்’ சத்தம் வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதற்குக் குவிண்டார் டோன் என்று பெயர். இரண்டு இருக்கிறது: 2525 ஹெர்ட்ஸ், 2475 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் கால் வினாடி. தரையில் பேசுகிறவர் பொத்தானை அழுத்தும்போது முதலாவது போய்த் தூரத்து நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரைத் திறக்கும். விடும்போது இரண்டாவது அதை மூடும். ஆக, அது தரைப்பக்கத்துச் சமாச்சாரம். விண்வெளி வீரன் பேசி முடித்ததும் ‘பீப்’ போட்டுவிடாதே. யாருக்கும் தெரியாது என்பாய். எனக்குத் தெரியுமே!

நடிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் எல்லா எஃபெக்டையும் மூடிவிட்டு, முகத்தை முழுக்க மூடும் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வசனம் பேசினேன், மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்து. இரும்பு மாதிரி கேட்கவில்லை. உள்ளே இருக்கிற பஞ்சு எல்லாவற்றையும் குடித்துவிட்டது. ஆனால் பேச்சே வேறாக வந்தது. தாடைப் பட்டை இறுக்குவதால் வாய் முழுசாகத் திறக்காது, கன்னம் அமுங்கிக் கிடக்கும், மூச்சு முகத்திலேயே திருப்பி அடிக்கும். வாக்கியத்தை இரண்டாக உடைத்து மூச்சு வாங்கத் தோன்றும். இதை எந்த ஃபில்டரும் கொடுக்காது. இப்போதெல்லாம் ஹெல்மெட்டோடு ஒரு தரம் பேசி ஒத்திகை பார்த்துவிட்டு, கழற்றி வைத்துவிட்டு, அதே தாளத்தில் சுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

மூச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் முகமூடி வில்லன் டார்த் வேடருக்கு ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் செய்தது, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்கூபா ரெகுலேட்டருக்குள் குட்டி மைக்கை வைத்து மூச்சைப் பதிவு செய்ததுதான். முகமூடி நம் மனதில் ஏறியது அந்த மூச்சினால்தான் என்பேன். உன் காவலன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அரை வினாடி மூச்சு வை, வித்தியாசத்தைப் பார்.

எவர்சில்வர் பானையையும் விடவில்லை. உள்ளே போனை வைத்துக் குரலை ஒலிக்கவிட்டு, வாய்ப்பக்கம் மைக்கைப் பிடித்து மறுபடி பதிவு செய்தேன். கோயில் மணி மாதிரி ரீங்காரம். உள்ளே பஞ்சு வைத்த நிஜக் கவசம் அப்படியெல்லாம் ஒலிக்க வாய்ப்பில்லை. ஆனால் விளையாடுகிறவன் இரும்பைக் கண்டால் ஒரு ‘ணங்’கை எதிர்பார்க்கிறான், அதுவும் உண்மை. பானைப் பதிவைப் பத்தில் ஒரு பங்கு கலக்கிறேன். பொய்தான், சுவையான பொய்.

கேம் பக்கத்தில் இரண்டு மூன்று இடறல் இருக்கிறது. உதட்டசைவுக்கான லிப் ஃபைலை எஃபெக்ட் போடாத சுத்தமான பதிவிலிருந்து உருவாக்கு. அமுங்கிய குரலைக் கொடுத்தால் உதடு தடுமாறும். கவசம் முகத்தை மூடியிருக்கிறது, யார் பார்ப்பார்கள் என்று விட்டால், யாராவது ஒருவன் அவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்ப்பான். ஃபைல் ஒற்றைத் தடமாக, மோனோவாகவே இருக்கட்டும், நீளமான ரிவெர்ப் (எதிரொலிக்கும் முழக்கம்) வேண்டாம். குகைக்குள் போனால் கேமே அதைச் சேர்த்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்தால் கிணற்றுக்குள் கிணறு. அப்புறம் மேக்ரோ. மொத்த ஃபோல்டருக்கும் ஒரே தட்டில் எஃபெக்ட் போடலாம் என்று ஆசைப்பட்டு, ஏற்கெனவே போட்ட ஃபோல்டருக்கே மறுபடி ஓட்டிவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் ஹெல்மெட். அசலை வேறு இடத்தில் வைத்திருந்ததால் பிழைத்தேன். கிசுகிசுப்புக்கும் கத்தலுக்கும் ஒரே மேக்ரோ போடாதே. கத்தலில் மட்டும் சின்ன டிஸ்டார்ஷன் அழகாக இருக்கும்.

கேமிலேயே இருக்கிற நடிகர்களின் குரலை எடுத்து இதே மாதிரி மாற்றி உன் மோடோடு கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஒலி நம் சொத்து இல்லை. ஃபைலைக் கொடுக்காமல், விளையாடுகிறவர் தன் கணினியில் தானே மாற்றிக்கொள்ளும்படி சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கலாம். அது ஓரளவு நியாயம்.

இத்தோடு பன்னிரண்டு வசனம் அனுப்பியிருக்கிறேன். எழுத்து வடிவம் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். அம்மாவிடம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, என்ன காதில் விழுந்தது என்று அப்படியே எழுதி அனுப்பு. வயதானால் மேல் அதிர்வெண்கள்தான் முதலில் மங்கும், அதனால் அவர்களுக்கே புரிந்தால் யாருக்கும் புரியும். மூன்றாவது ஃபைல்தான் அந்த ‘வழி விடு’. அதை ‘வலி விடு’ என்று கேட்டால், அவன் உங்கள் முழங்காலைப் பார்த்துத்தான் சொல்கிறான் அம்மா என்று சமாளி. நான் இங்கே ஃபில்டரைத் தளர்த்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி