தீத்தடுப்புத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மேல்தளங்களில் வீடுகள், கீழே தையற்கூடம், அச்சகம், மரவேலைக்கூடம், கணக்கு அலுவலகம் என்று எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும் நம் கட்டடத்தில், பொதுக்குழுத் தீர்மானப்படி தொடங்கிய தீத்தடுப்புப் பணி நிறைவடைந்தது. வரவு செலவுக் கணக்கும் தணிக்கையாளர் ஒப்பமும் இணைப்பில் உள்ளன. முடிந்த வேலையைக் குறை சொன்னவர் யாருமில்லை. அது நடந்த விதத்தைப் பற்றித்தான் கேள்விகள். மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு போனது ஏன்? பூசி முடித்த சுவரை மறுபடி உடைத்தது ஏன்? ஒப்பந்தக்காரரைப் பாதியில் மாற்றியது ஏன்? படிக்கட்டில் இருந்த எங்கள் சாமான்களை எடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? இந்த நான்கும் நேரிலும் தொலைபேசியிலும் வந்தபடியே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒருசேர எழுத்தில் வைக்கிறோம்.

சச்சரவில்லாத வேலைகளை முதலில் சொல்லிவிடலாம். தளத்துக்குத் தளம் தீயணைப்பான் மாட்டியாயிற்று. எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்தியாயிற்று. தீயணைப்புக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டுப் பார்த்தாயிற்று. மின்சாரம் நின்றாலும் எரியும் படிக்கட்டு விளக்குகளும் வழிகாட்டிப் பலகைகளும் அவற்றின் இடத்தில் இருக்கின்றன.

ஒயரிங் விவகாரம்

செலவு கூடியதற்கு ஒயரிங்கைத் தவிர வேறு காரணமில்லை. "நாலு சிவப்பு சிலிண்டரை வாங்கி மாட்டினால் போதாதா, சுவருக்குள் எதற்குக் கை வைக்கிறீர்கள்?" என்று பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். தீயணைப்பான் தீ பிடித்த பிறகு உதவுவது. பிடிக்காமலே இருக்க வேண்டுமானால் தீ பிறக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். நம் கட்டடத்தில் அந்த இடம் சுவருக்குள்ளும் மெயின் போர்டுக்குள்ளும் இருந்தது.

வேலை தொடங்குமுன், கம்பியின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தோம். 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும்போது மேலுறையின் தடை குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். பழைய ஒயரிங்கில் பல இணைப்புகள் அதற்குக் கீழே நின்றன. மெயின் போர்டைத் திறந்ததும் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போகும் பிளக் பாயிண்டுகளுக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. (ஓட்டம் அளவு மீறினால் தானே ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடப்பட்டிருந்தது. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாரோ புகார் சொல்ல, வந்தவர் பெரிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதன்பின் ட்ரிப் ஆகவில்லை, எல்லோருக்கும் நிம்மதி.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் கம்பியை. நாம் செருகும் கருவியைக் காப்பது அதன் வேலை அல்ல. குழாய்க்குள் போகும் 2.5 கம்பி தாங்குவது சுமார் 20 ஆம்பியர். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். 20 ஆம்பியர் எம்.சி.பி.யே 29 ஆம்பியரைத் துண்டிக்க ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் தரநிர்ணயம் சொல்கிறது. அப்படியிருக்க, அந்தக் கம்பிக்கு 32 ஆம்பியர் போட்டால் மேலுறை இளகி உருகும்வரை அது அசையாது. ஒப்பந்தக்காரரோ முதல் நாளே, "பழைய எம்.சி.பி. எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றையே வைத்துக்கொள்ளலாம், செலவு மிச்சம்" என்றார். மறுத்தோம். உரசல் அங்கேதான் தொடங்கியது.

பெரிய சண்டை கம்பியால் வந்தது. முழுச் செப்புக் கம்பி என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தோம். இரண்டு தளங்களில் கம்பி இழுத்து, பூச்சும் முடிந்துவிட்டது. மூன்றாம் தளத்துக்குக் காயில்கள் வந்து இறங்கிய அன்று, மோட்டார் காயில் கட்டும் தொழிலில் காலம் கழித்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு காயிலைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இந்த அளவுக்கு இவ்வளவு லேசாக இருக்காதே" என்றார். கத்தியால் கம்பியைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி அது. அவருடைய கைக்கு இந்தக் கட்டடம் கடமைப்பட்டிருக்கிறது. அதை எழுதி வைக்காமல் இந்த அறிக்கையை முடிக்க எங்களுக்கு மனம் வராது.

கேட்டபோது, "அதே தடிமன், அதே கரண்ட் போகும், இப்போது எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்றார் ஒப்பந்தக்காரர். தடிமன் அதேதான், கடத்தும் திறன் அதே அல்ல. பூச்சுக் கம்பி செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். அது போகட்டும் என்று விட்டாலும், முனையில் வரும் ஆபத்தை விட முடியாது. அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஆறினால் சுருங்கும். இப்படி விரிந்து சுருங்கி ஸ்க்ரூவின் பிடி தளர்ந்துவிடும். காற்றுப் பட்ட அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. பிடி தளர்ந்த இடத்தில் தடை கூடும், தடை கூடிய இடத்தில் சூடு பிறக்கும், சூடு பிடியை மேலும் தளர்த்தும்.

"எம்.சி.பி. இருக்கிறது, புதிதாக ஆர்.சி.சி.பி.யும் போட்டிருக்கிறீர்கள், அவை நிறுத்திவிடாதா?" என்று ஐந்தாம் தளத்திலிருந்து ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. மின்னோட்டம் அளவுக்கு மேல் கூடினால் எம்.சி.பி. நிறுத்தும். மின்சாரம் வெளியே கசிந்தால் ஆர்.சி.சி.பி. நிறுத்தும், நாம் போட்டிருப்பது 30 மில்லியாம்பியர் கசிவுக்கே நிறுத்திவிடும். லூஸ் கனெக்‌ஷனில் மின்னோட்டம் கூடுவதும் இல்லை, கசிவதும் இல்லை. வாட்டர் ஹீட்டர் ஓடும்போது போக வேண்டிய ஓட்டம்தான் போகிறது, முனை மட்டும் கனன்றுகொண்டிருக்கிறது. இரண்டு கருவிக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி பெட்டியைத் திறந்து பார்ப்பது, ஸ்க்ரூவை இறுக்குவது, சரியான கம்பியைப் போடுவது, இவ்வளவுதான்.

ஆகவே வேலையை நிறுத்தினோம். பூசிய சுவரைத் திறந்து கம்பியை மாற்றித் தரச் சொன்னோம். அதற்குத் தனிப் பில் கேட்டார். கொடுக்க மாட்டோம் என்றதும், திறந்த போர்டுகளை அப்படியே விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். "ஏதோ பேசி முடியுங்கள், வீடெல்லாம் தூசி" என்று நம்மவர்களே எங்களிடம் சொன்னது அப்போதுதான். அந்தத் தூசியில் எங்கள் குழந்தைகளும் இருந்தார்கள். ஆனாலும் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. பூசிய சுவருக்குள் ஒருமுறை போய்விட்ட கம்பியை அடுத்த தலைமுறைதான் பார்க்கும், அல்லது தீயணைப்பு வீரர் பார்ப்பார்.

கடைசியில் அவருக்கு, ஒழுங்காகச் செய்த எர்த்து வேலைக்கும் குழாய் பதித்ததற்கும் உரிய கூலியைக் கொடுத்தோம். கம்பிக்கான தொகையை நிறுத்தி வைத்தோம். வேறொருவரை வைத்து இரண்டு தளத்தையும் திறந்து, செப்புக் கம்பி இழுத்து, மறுபடி பூசினோம். நிறுத்தி வைத்த தொகையும் பூச்சுக் கூலிக்கு வந்த நன்கொடையும் போக மீதி நம் கையிருப்பிலிருந்து போனது. மதிப்பீட்டுக்கு மேல் போன செலவு முழுக்க இதுதான். பில்களும், சுரண்டிய கம்பித் துண்டும், மெகர் சோதனைத் தாள்களும் அலுவலக அலமாரியில் உள்ளன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

எல்லாம் முடிந்தபின் வெப்பப் படக் கேமராவால் போர்டுகளைப் பார்த்ததும் வீண்செலவு என்றார்கள். ஒயரிங் மாற்றாத வீடு ஒன்றில் வாட்டர் ஹீட்டர் இணைப்பு மட்டும் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிட்டது. திறந்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டில் எம்.சி.பி. ஒருமுறைகூட ட்ரிப் ஆனதில்லை.

படிக்கட்டும் கதவும்

செருப்பு அலமாரி, பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, சைக்கிள் என்று படிக்கட்டில் இருந்தவற்றை அறிவிப்பு ஒட்டி, அவகாசம் கொடுத்து, அதன் பிறகே எடுத்தோம். இதில் நாங்கள் பின்வாங்கப் போவதில்லை. தீவிபத்தில் பெரும்பாலோரை வீழ்த்துவது புகை. ஃபோம் மெத்தை என்று நாம் சொல்லும் பாலியூரித்தேன் நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். அந்த மெத்தை படிக்கட்டில் எரிந்தால் மேலே இருக்கும் அத்தனை பேரின் வழியும் மூடிப்போகும்.

படிக்கட்டின் அடியில் மின் ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதைத் தடுத்ததற்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. லித்தியம் அயான் பேட்டரியின் ஒரு செல் கட்டுமீறிச் சூடேறினால் அந்தச் சூடு அடுத்த செல்லைப் பற்றும். எரியக்கூடிய வாயுவைப் பீய்ச்சிக்கொண்டே எரியும். அணைத்த பிறகும் மறுபடி பற்றலாம். இருக்கிற ஒரே வெளியேறும் வழியில் அதை வைக்க முடியாது. வெளிமுற்றத்தில் தனி எம்.சி.பி.யோடு சார்ஜ் போடும் இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறோம். கொஞ்சம் நடக்க வேண்டும், நடக்கலாம்.

கீழ்த்தளப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1911 மார்ச் 25இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாம் தளத்தில் இருந்தவர்கள் ஓடிச் சேர்ந்த கதவு பூட்டியிருந்தது. நூறு ஆண்டு கழித்து, 2012 நவம்பரில், வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தரைத்தளத்தில் குவித்திருந்த துணியிலும் நூலிலும் தீப் பிடித்தது. படிக்கட்டுகள் அந்தத் தளத்தில்தான் இறங்கின. 110க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தையற்கூடத்தின் பின்கதவு வேலை நேரத்தில் பூட்டப்படக் கூடாது என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தது திருட்டுப் பயம் தெரியாமல் இல்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது, அப்படிப்பட்ட தாழ்தான் இப்போது போட்டிருக்கிறது. துணிக்கட்டுகளும் படிக்கட்டு வாசலிலிருந்து உள்ளறைக்குப் போய்விட்டன. தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகளுக்குக் கட்டை கொடுத்துத் திறந்து வைப்பது மட்டும் தொடர்கிறது. மூடியிருந்தால்தான் அது தீத்தடுப்புக் கதவு. தயவுசெய்து கட்டையை எடுத்துவிடுங்கள்.

மரவேலைக்கூடத்தில் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது தானே சூடாகும். குவியலுக்குள் சூடு அடைபட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மூடியுள்ள இரும்புத் தொட்டி வைத்தாயிற்று. படிக்கட்டுக் கைப்பிடிக்கு வெல்டிங் நடந்தபோது சுற்றிலும் 11 மீட்டர் தூரம் வரை எரியும் பொருளை அகற்றி, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஆள் நிறுத்திக் காவல் பார்த்தோம். அந்தக் கூலி கணக்கில் தனி வரியாக உள்ளது, அதையும் கேட்டார்கள், ஆகவே சொல்கிறோம்.

சமையலறைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தீப்போர்வை. எண்ணெய்ச் சட்டி தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை எறியும். அடுப்பை அணைத்து, மூடியோ போர்வையோ போட்டு மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். எரிவாயு எச்சரிக்கைக் கருவியைத் தரையோரம் பொருத்தியது ஏன் என்று பலர் கேட்டார்கள். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள்.

நன்கொடையாளர்கள்

பெயர்கள் முழுமையாக வாசல் பலகையில் உள்ளன. தீயணைப்பான்கள் அனைத்தையும் அச்சக உரிமையாளர் தந்தார். புகை எச்சரிக்கைக் கருவிகள் மூன்றாம் தளத்துச் சகோதரர்கள் இருவரின் கொடை, அவர்கள் தாயார் நினைவாக. தீப்போர்வைகளைத் தையற்கூடப் பெண்கள் தங்களுக்குள் திரட்டிய பணத்தில் வாங்கித் தந்தார்கள். கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது. படிக்கட்டு விளக்குகள் மொட்டைமாடி வீட்டு ஆசிரியர் தம்பதி. இரும்புத் தொட்டி மரவேலைக்கூடத்தார். வெப்பப் படச் சோதனைச் செலவைக் கணக்கு அலுவலகத்தார் ஏற்றார்கள். தாழும் கீல்களும் இரண்டாம் தளத்து ஓய்வுபெற்ற செவிலியர். இரண்டாம் முறை பூசிய கூலியில் பாதியை, பெயர் வேண்டாம் என்று சொல்லி ஒருவர் கொடுத்தார். வேலையாட்களுக்கு வெயில் நேரத்தில் தண்ணீர் கொடுத்த முதல் தளத்து அம்மாவுக்கும், மெகர் சோதனைக்கு விடுமுறை நாள்களிலெல்லாம் ஏணி பிடித்த பிள்ளைகளுக்கும் குழு வணக்கம் சொல்கிறது.

இனி

தீயணைப்பான்களின் அழுத்த முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதாமாதம் பார்க்க ஆள் நியமித்தாயிற்று. கார்பன் டை ஆக்சைடு வகைக்கு முள் கிடையாது, அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். புகைக் கருவியின் பொத்தானை மாதம் ஒருமுறை அவரவர் வீட்டில் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டானால் கருவியையே மாற்ற வேண்டும், தேதி அதன் பின்புறம் உள்ளது. மெயின் போர்டு ஸ்க்ரூக்கள் ஆண்டுக்கு ஒருமுறை இறுக்கப்படும்.

நான்காம் தளத்தில் மூன்று வீடுகளில் மட்டும் பழைய 32 ஆம்பியர் எம்.சி.பி. இன்னும் மாற்றப்படவில்லை. உரிமையாளர்கள் சம்மதம் தரவில்லை. செலவு சங்கத்துடையது, வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். வீட்டில் ஆள் இல்லையென்றால் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம். எங்களில் ஒருவர் வேலை முடியும்வரை கூடவே இருந்து பூட்டித் தருவோம்.

இப்படிக்கு,
செயலாளர், பணிக்குழுவுக்காக